முறிந்த வில்லுக்கு மூன்று பேர்

பரிசு என்றால் பத்துப் பேர் கை நீட்டுவார்கள். பழி என்றால் பக்கத்து வீட்டைக் கை காட்டுவார்கள். கூகைமலையில் நடந்ததும் அதுதான். கேட்டுவிட்டு நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்.

அந்த மலையில் வில் செய்பவன் பூதன். அவன் தங்கை எயினி. அவள் கணவன் சாத்தன். ஊர் ஆடுகளை ஒரு சிறுத்தை தூக்கிக்கொண்டே இருந்தது. பட்டிக்குக் காவல் சாத்தன்தான், ஆனால் அவனுடைய பழைய வில் அடுப்பெரிக்கத்தான் லாயக்கு. "நரம்பு ஒட்டின வில்லாவே செஞ்சு தாரேன் மாப்பிள்ளை" என்றான் பூதன்.

சொன்னபடி செய்தான். செத்த காளையின் கால் நரம்பைக் காயவைத்துத் தட்டி, நார் நாராகப் பிரித்து, தோல் காய்ச்சிய பசையில் தோய்த்து, வில்லின் முதுகில், அதாவது எய்பவனுக்கு எதிர்ப்புறத்தில், வரிசையாக ஒட்டினான். நரம்பு காயும்போது சுருங்கி மரத்தைத் தன் பக்கம் இழுக்கும். முழுதும் காய்ந்துவிட்டால், நாண் பூட்டாத வில் தலைகீழாக, நரம்புப் பக்கமே வளைந்து நிற்கும். "அப்படி நின்னா வில்லு தயார்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பூதன் உப்பு வாங்க அடிவாரத்துக்குப் போனான்.

அவன் திரும்புவதற்குள் சிறுத்தை பட்டிக்குள்ளேயே புகுந்துவிட்டது. இனிப் பொறுப்பதில்லை என்று சாத்தன் வந்து வில்லைக் கேட்டான். அது தலைகீழாக வளைந்து நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் பூதன் மனைவி எடுத்துக் கொடுத்தாள். நாண் பூட்ட முன்வந்தவன் ஊர்த்தலைவன் மகன் நன்னன். அவனுக்குத் தெரியாத வித்தை உலகத்தில் கிடையாது. சந்தேகமிருந்தால் அவனையே கேட்கலாம். அந்த வில்லை அதன் வளைவுக்கு எதிராகத் திருப்பி வளைத்துத்தான் பூட்ட வேண்டும். நன்னனோ வளைந்த பக்கமே இன்னும் வளைத்துப் பூட்டிவிட்டான். நரம்பு உள்ளே போய்விட்டது, வெறும் மரம் வெளியே வந்துவிட்டது. சாத்தன் அந்த மாதிரி வில்லை அதற்கு முன் தொட்டதுகூட இல்லை.

இளவட்டங்கள் சூழ இருவரும் காட்டு வழியில் போகும்போது, பூதன் உப்பு மூட்டையோடு எதிரே வந்தான். கணவனுக்குச் சோறு கட்டிக்கொண்டு பின்னால் வந்த எயினி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மச்சான், சரியாத்தானே இருக்கு?" என்று சாத்தன் வில்லை நீட்டினான்.

பூதன் வில்லின் உள்பக்கம் கட்டைவிரலை ஓட்டினான். வெளியே இருக்க வேண்டிய நரம்பு அங்கே தட்டுப்பட, பாதியில் விரல் நின்றுவிட்டது.

"நான்தான் பூட்டினேன்" என்றான் நன்னன்.

பூதனுக்கு மரம் வெட்ட அனுமதி தருவது நன்னனின் வீடு. இத்தனை பேர் எதிரில் அவனை முட்டாளாக்கிவிட்டு, நாளைக்கு எந்த மரத்தில் கோடாரி வைப்பது? வில்லைத் திருப்பிக் கொடுத்தான். "பாத்துப் போ மாப்பிள்ளை" என்றான்.

சிறுத்தை பாய்ந்தபோது சாத்தன் நாணை இழுத்தான். வில் முறிந்தது. பின்தங்கி நின்ற மற்றவர்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அவன் செத்துக் கிடந்தான்.

கூகைமலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் சாவுக்குக் காரணமானவன், செத்தவன் பிள்ளை ஏர் பிடிக்கும்வரை அந்த வீட்டு நிலத்தை உழுது கொடுக்க வேண்டும். பெயரை விதவைதான் சொல்ல வேண்டும். ஒரே பெயர்தான், தலைவன் வீடானாலும் கட்டுப்பட்டே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் எயினியும் அவள் கைக்குழந்தையும் பட்டினி.

முறிந்த வில்லை மன்றத்தின் நடுவில் போட்டார்கள். வெளிப்புறத்து மரம் பிளந்திருந்தது. நரம்போ ஓர் இழைகூடப் பெயராமல் மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பசை காயல. செஞ்சவன் தப்பு" என்றான் நன்னன்.

"என்னைக் கேக்காம எடுத்துக் குடுத்தது என் பொண்டாட்டி" என்றான் பூதன்.

"தயாரா நின்னுச்சு, குடுத்தேன்" என்று அவள் அழுதாள்.

எயினிக்கு அழுகை வரவில்லை. அண்ணன் முகத்தைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கூடப் பிறந்தவன், தாய்வீடு என்று அவளுக்கு மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான்.

கொடுத்தவள், பூட்டியவன், பார்த்தவன். இவர்களில் யார் பெயரை அவள் சொல்ல வேண்டும்?

விடை இது. கொடுத்தவள்மேல் குற்றமில்லை, பசை ஈரமாயிருந்தால் நரம்பு மரத்தைவிட்டுக் கழன்று வந்திருக்கும். நன்னன் பூட்டியதால்தான் வில் முறிந்தது, ஆனால் முறியும் என்று அந்த மடையனுக்குத் தெரியாது. தெரிந்தவன் ஒருவன்தான், அவனிடம் சாத்தன் வாய்விட்டுக் கேட்கவும் செய்தான். நன்னன் தப்பித்துக்கொண்டானே என்று உங்களுக்கு வயிறு எரியலாம், எனக்கும் எரிகிறது. எயினி அண்ணன் பெயரைத்தான் சொன்னாள். அவள் பிள்ளை ஏர் பிடிக்கும்வரை பூதன் ஒரு வருஷம்கூடத் தவறாமல் வந்து உழுதான். உச்சிவேளையில் அவள் கஞ்சி கொண்டுபோய் வரப்பில் வைப்பாள். அண்ணா என்று மட்டும் அப்புறம் ஒருநாளும் கூப்பிடவில்லை.