கொன்றையூர் நிலையத்தில் எண்ணெய் வைத்த அம்மையார்

கொன்றையூர்ப் பேருந்து நிலையத்துக் கட்டணக் குளியலறையைக் கழுவிவிடுவது அஞ்சலாட்சி அம்மையாரின் திருத்தொண்டு. தொண்டு என்று நாம்தான் சொல்கிறோம். ஊரார் அதைக் கக்கூஸ் கழுவுகிற வேலை என்றார்கள். அம்மையாருக்கு எந்தப் பெயரானாலும் சரிதான். எதிரே கொன்றைவனநாதர் கோயிலில் காலை மணி அடித்ததும் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவார். "அப்பனே, இன்னைக்கு யாரா வருவியோ, வா. தரையெல்லாம் சுத்தமா இருக்கு" என்பார். பதிகம் ஒன்றும் அவருக்குத் தெரியாது. பூசையும் அவ்வளவுதான்.

கணவர் இளவயதிலேயே போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. ஆனாலும் தீபாவளி வந்துவிட்டால் அம்மையாருக்குக் கால் தரையில் பாவாது. பண்டிகைக்கு வீடு போய்ச் சேர முடியாதவர்கள் எல்லா ஊரிலும் உண்டல்லவா? முதல் பேருந்தை எடுக்கவேண்டிய ஓட்டுநர்கள், காவலுக்கு நிற்கும் போலீஸ்காரர், கடைசி வண்டியைத் தவறவிட்டுப் பெஞ்சில் முடங்கிக் கிடப்பவர்கள், போக வீடே இல்லாதவர்கள். இவர்களெல்லாம் தீபாவளியும் அதுவுமாகக் குளிக்காமல் உட்கார்ந்திருப்பதை அம்மையாரால் பொறுக்க முடியாது. மிளகும் ஓமமும் வெற்றிலையும் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி எடுத்துக்கொண்டு விடிவதற்கு முன்பே வந்துவிடுவார். அண்டாவில் வெந்நீர் தளதளக்கும். ஒவ்வொருவரிடமும் போய், "கெங்கா ஸ்நானம் ஆச்சுங்களா?" என்று கேட்பார். இல்லை என்றால் விடமாட்டார். படியில் கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, உச்சியில் மூன்று முறை எண்ணெய் வைத்து, "நோய்நொடி இல்லாம நல்லாயிரு" என்று சொல்லி, சீயக்காயும் வெந்நீரும் கொடுத்து உள்ளே அனுப்புவார். அந்த எண்ணெய்க்காக வருஷம் முழுவதும் தன் தலைக்கு எண்ணெய் காட்டாமல் மிச்சம் பிடித்தார் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்தப் பரட்டைத் தலைதான். அதைப் பார்த்துச் சிரிக்க மட்டும் ஆள் நிறைய இருந்தது.

குளியலறையைக் குத்தகைக்கு எடுத்திருந்த கோவிந்தராசு சிரிக்கக்கூட மாட்டார். நேராகவே குத்துவார். "தாலியறுத்தவ கையால நல்ல நாளும் பொழுதுமா எண்ணெயா? வெளங்கிடும்" என்பார். அம்மையார் கோபித்துக்கொண்டதில்லை. "சாமி குடுத்த கைதானுங்களே" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விடுவார்.

இப்படிப் பதினோரு தீபாவளிகள் சுகமாகக் கழிந்தன. பன்னிரண்டாவதில் வந்தது சோதனை.

அன்று இருள் பிரிவதற்குள் நாலைந்து தலைகளுக்கு எண்ணெய் வைத்தாகிவிட்டது. தூண் ஓரமாக மொட்டைத் தலையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் சிங்காரவேலு, தூரத்து ஆலையில் வேலை. புது மொட்டையைக் கண்டதும் அம்மையாருக்குக் குஷி தாங்கவில்லை. கிண்ணத்தோடு போய் நின்றார்.

"பழனியா தம்பி, திருப்பதியா? சாமிக்கு முடி குடுத்த தலை, எண்ணெ நல்லா ஏறும். கெங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே உச்சியில் கையை வைத்துவிட்டார்.

அவர் துள்ளி எழுந்தார். "எங்கம்மாவுக்குக் கருமாதி முடிச்சிட்டு வர்றேன்! எனக்கு ஏது தீபாவளி? கண்ணு தெரியல உனக்கு?"

நிலையமே திரும்பிப் பார்த்தது. மொட்டையில் சாமிக்கு அடித்தது எது, சாவுக்கு அடித்தது எது என்று யாரால் சொல்ல முடியும்? நாமாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்போம். ஆனால் அம்மையார் உடைந்துபோனார். கோவிந்தராசு ஓடிவந்து கிண்ணத்தைப் பிடுங்கி ஜன்னல்மேல் வைத்தார். "இனிமே ஒரு தலையத் தொட்டே, வேலையும் கெடையாது, இந்தப் பக்கம் வரவும் கூடாது" என்றார்.

வேலை போவது அம்மையாருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. தாயை இழந்து நிற்கிற பிள்ளையின் மனத்தைக் குத்திவிட்டோமே என்பதுதான் தாளவில்லை. படியில் உட்கார்ந்து கோபுரத்தைப் பார்த்து அழுதார். "அப்பனே, ஒம் பேரச் சொல்லி ஒரு புள்ளைய அழவெச்சிட்டனே. இந்தக் கை இனிமே யாரு தலைக்கும் வேணாம்" என்றார்.

அப்போது ஒரு கிழவர் வந்து, பக்கத்தில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தார். இடுப்பில் ஒரு துண்டு, தலையில் சிக்குப் பிடித்த சடை. எந்தப் பேருந்திலிருந்து இறங்கினார் என்று யாரும் பார்க்கவில்லை.

"எனக்கு வெக்கலியா தாயீ?"

"வேணாங்க. என் கைக்கு இன்னைக்கு நேரஞ் சரியில்ல" என்றார் அம்மையார். ஆனாலும் பழகிய நாக்கு சும்மா இருக்குமா? கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கெங்கா ஸ்நானம் ஆச்சுங்களா?" என்று கேட்டுவிட்டார்.

கிழவர் உரக்கச் சிரித்தார். "கெங்கைக்கு என்ன கொறச்ச? எந்நேரமும் தலையிலதான் கெடக்கா. எண்ணெ வெக்கத்தான் ஆளில்ல. எனக்கு ஆத்தா கெடையாது. எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல."

காசிக்குப் போய்வந்த பரதேசி போலிருக்கிறது என்றுதான் அம்மையார் எண்ணினார். ஆனால் தாயே இல்லாத தலை என்று கேட்டபின் அவருக்கு வேலையும் நினைவில்லை, கோவிந்தராசுவும் நினைவில்லை. எழுந்துபோய்க் கிண்ணத்தை எடுத்து வந்தார். மூன்று முறை வைத்தார். பிறகு மனம் கேளாமல் மிச்சம் இருந்ததை எல்லாம் அந்தச் சடையில் ஊற்றி, சிக்கை விலக்கி விலக்கித் தேய்த்துவிட்டார். "நோய்நொடி இல்லாம நல்லாயிரு சாமி" என்று வாழ்த்தினார். தூண் ஓரத்தில் சிங்காரவேலு கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிழவர் குளியலறைக்குள் போனார். சீயக்காயை எடுத்துக்கொண்டு அம்மையார் பின்னாலேயே போய்க் கதவைத் தட்டினார். கதவு திறந்துகொண்டது. உள்ளே யாருமில்லை.

எதிரே கோயிலிலிருந்து குருக்கள் ஓட்டமும் நடையுமாகச் சாலையைக் கடந்து வந்தார். "இப்போதான் நடை தெறந்தேன். எண்ணெய்க்காப்புக் கிண்ணம் வெச்சது வெச்சபடி இருக்கு. சுவாமி திருமேனியெல்லாம் எண்ணெய் வழியறது! மிளகும் ஓமமும் மணக்கறது. அந்த வாசனை இங்கேருந்துன்னா வர்றது!" என்றார். அம்மையாரின் எண்ணெய்க் கைகளைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வேறு யாராவதாக இருந்தால் மூர்ச்சையாகி விழுந்திருப்பார்கள். அம்மையாரோ, "ஐயையோ, சீயக்கா தேய்க்காமப் போயிட்டாரே!" என்று பதறினார்.

குருக்கள் இரண்டு கைகளையும் நீட்டினார். "அதை எங்கிட்டக் குடுங்கோ அம்மா. இன்னைக்கு சுவாமிக்கு அதான் அபிஷேகம்."

கோவிந்தராசு தலையைக் குனிந்துகொண்டு படியில் வந்து கிழக்குப் பார்த்து உட்கார்ந்தார். காலிக் கிண்ணத்தில் ஒட்டியிருந்ததை வழித்து அவருக்கும் வைத்தார் அம்மையார்.

ஏழு மணி வண்டி புறப்படும் நேரத்தில் சிங்காரவேலு எதிரே வந்து நின்றார். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"இந்த வருசம் எனக்குப் பண்டிகை இல்லம்மா. அடுத்த வருசம் இங்கதான் வருவேன். எனக்கும் வெச்சுவுடு."

"வாய்யா, வாய்யா. எந்நேரம் ஆனாலும் வெந்நீ இருக்கும்" என்றார் அம்மையார்.

ஊர் பேர் தெரியாத தலைகளுக்கெல்லாம் தாயாக நின்று, தாயில்லாத தனிப்பெரும் தலைவனுக்கும் தாயான அஞ்சலாட்சி அம்மையாரின் எண்ணெய்க் கைகளை நாமும் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.