புரட்டித் தைத்த துண்டு

அந்தக் காலத்தில் காட்டு உயிர்களுக்கும் வாய்ப்பேச்சு இருந்தது. மான் வழி கேட்கும், குரங்கு வம்பளக்கும். அதனால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. செந்நாய் வாயைத் திறந்தால்தான் ஊரே நடுங்கும்.

மலையுச்சியில் மூடுபனிக்குள் கிடந்த ஊர் அது. உச்சி வெயில் நேரத்திலும் எதிர்வீடு தெரியாது. குளிருக்கென்று அவர்கள் ஒரு துணி நெய்தார்கள். பருத்தி நூலில் நெய்து, ஒரு பக்கத்தை மட்டும் முள்சீப்பால் வாரிவாரிப் பஞ்சு கிளம்ப விடுவார்கள். இப்போது கடையில் பிளானல் என்று கேட்டு வாங்குகிறோமே, கிட்டத்தட்ட அதுதான். வாரிய பக்கம் நிறம் பளிச்சென்று இருக்கும். மறுபக்கம் வெளுத்துப்போய், எந்த நிறம் என்றே சொல்ல முடியாது.

ஒவ்வொரு வீட்டுக்கும் தனி நிறம், தனிக் கட்டம். ஒரு வீட்டுக் கட்டத்தை இன்னொரு வீடு நெய்துவிட்டால் கல்யாணத்துக்குக்கூட அழைக்க மாட்டார்கள். அவ்வளவு வீம்பு! செந்நாய்க்கு அந்த வீம்பு வசதியாகப் போயிற்று.

அது பனிக்குள் வந்து சுவருக்கு வெளியே நிற்கும். பனியில் எந்த வீட்டு வாசல் என்று அதற்குத் தெரியாது; அதனால் மூங்கில் தட்டிச் சந்தில் ஒரு கண்ணை வைத்து, தொட்டில் பிள்ளை எந்தத் துணியில் கிடக்கிறது என்று பார்க்கும். பிறகு உள்ளே கேட்ட பெற்றவளின் குரலிலேயே, "இன்னார் வீட்டுப் பிள்ளை" என்று சொல்லும். சரியாகச் சொல்லிவிட்டால் தாழ்ப்பாள் தானாக நகர்ந்து கதவு திறந்துகொள்ளும்; அது உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கிப் போய்விடும். தப்பாகச் சொன்னால் அதன் பேச்சு போய்விடும். வந்த பிறகு ஒரு பெயரும் சொல்லாமல் திரும்பவும் முடியாது. மலை அதற்கு விதித்த விதி அது. ஆனால் அது தப்பாகச் சொன்னதே இல்லை.

வேறு வீட்டுத் துணியில் பொதிந்து ஏமாற்றலாம் என்றால், அதுவும் நடக்காது. எந்த வீட்டுத் துணியை முழுதாகப் போர்த்துகிறோமோ, பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளையாக ஆகிவிடும். துணியே இல்லாமல் போட்டால் குளிரே கொண்டுபோய்விடும்.

அந்த ஊரில் மாரனின் மனைவி பொம்மி. அவளுடைய மூத்த பெண் சின்னியைச் செந்நாய் தூக்கிப் போயிருந்தது. அவர்கள் வீட்டு நீலக் கட்டம் போட்ட துணியில் ஒரு கிழிசல் மட்டும் வாசலில் கிடந்தது. பொம்மி அதை எடுத்து மடியில் செருகியவள்தான், பிறகு யார் கண்ணிலும் காட்டவில்லை. இப்போது அவளுக்கு ஒரு மகன் பிறந்திருந்தான். மாரன் உப்பு வாங்கக் கீழ்நாட்டுக்குப் போயிருந்தான். வீட்டில் துணைக்கு அவன் தங்கை நாகு மட்டும்தான். அவளுக்கு வாய்த்துடுக்கு அதிகம், மூளையும் அதிகம்.

"அண்ணி, முழுத் துணின்னாத்தானே ஒரு வீட்டுப் பிள்ளையாகுது?" என்றாள் நாகு. "வெட்டி மிச்சமான துண்டு எல்லா வீட்லயும் கிடக்கு. ஊரெல்லாம் வாங்கிட்டு வந்து ஒட்டுப்போட்டுத் தைப்போம். அப்ப அது எந்த வீடுன்னு சொல்லும்?"

"நம்ம வீட்டுத் துண்டு?"

"அது மட்டும் ஆகாது அண்ணி. நம்ம ரத்தம், நம்ம துணி, ரெண்டும் சேர்ந்துட்டா சின்னத் துண்டே போதும் அதுக்கு."

நாகு வீடு வீடாகப் போனாள். முகத்தைச் சுளித்தவர்கள்கூடக் கடைசியில் கொடுத்தார்கள், எல்லோர் வீட்டிலும் தொட்டில் இருந்ததே! கஞ்சக்காரி ரங்கி மட்டும் அடுப்பில் பட்டு ஓரம் கருகிய ஒரு மஞ்சள் துண்டைத் தேடி எடுத்துத் தந்தாள். "அதுக்குமேல எங்கிட்ட இல்ல தாயி" என்றாள்.

பொம்மி உட்கார்ந்து தைத்தாள். சிவப்பு, பச்சை, வரி போட்டது, புள்ளி போட்டது, கருகிய மஞ்சள். நடுவில் ஒரு துண்டு குறைந்தது. நாகு விறகு எடுக்கப் புழக்கடைக்குப் போன நேரம், பொம்மியின் கை மடிக்குள் போயிற்று. சின்னியின் நீலக் கிழிசலை எடுத்தாள். தம்பியின் மேல் அக்காளின் துணி கொஞ்சம் கிடக்கட்டுமே என்று பட்டது. நாகு திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று நீளநீளத் தையலாகப் போட்டு, பிள்ளையின் நெஞ்சுக்கு நேரே வைத்து ஒட்டினாள்.

போர்வையைப் பிள்ளைமேல் போர்த்தினாள். நாகு உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள். அப்போதே வெளியே பறவைச் சத்தம் நின்றுபோனது.

சுவர் ஓரமாக ஏதோ உரசிக்கொண்டு நடந்தது. நின்றது. தட்டிச் சந்தில் ஒரு கண் வந்து பதிந்தது.

"சிவப்புக் கோடு..." என்றது செந்நாய். பொம்மியின் குரலிலேயே பேசியது. "இல்லை, பச்சை. அது புள்ளி வீடு... யார் பிள்ளை இது?"

நாகு சத்தமில்லாமல் சிரித்தாள். அடுத்த நொடி அந்தச் சிரிப்பு செத்தது.

"ஆ! நீலக் கட்டம். மாரன் வீட்டு..."

தாழ்ப்பாள் முனகிக்கொண்டு நகர்ந்தது. நாகு பாய்ந்துபோய் இரண்டு கையாலும் அதைப் பிடித்தாள். அது அவளையும் சேர்த்து இழுத்தது. கதவின் அடியில் ஒரு சிவந்த பாதம் நுழைந்தது.

"அண்ணி! என்ன பண்ணித் தொலைச்சீங்க!"

பொம்மி தொட்டிலின்மேல் கவிழ்ந்து, நீலத் துண்டின் தையலைப் பல்லால் கடித்து இழுத்தாள். நீளத் தையல் ஒரே இழுப்பில் பிரிந்தது. அடுப்பு பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. அதில் எறிந்துவிடலாம். எறிய அவளுக்கு மனம் வரவில்லை. துண்டைப் புரட்டினாள். நிறமுள்ள பக்கத்தைப் பிள்ளையின் நெஞ்சோடு ஒட்டி வைத்து, வெளுத்த பக்கத்தின்மேல் விரல்களை ஊன்றிப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த நீலம்?" என்று கத்தினாள் நாகு. பயத்திலும் அவள் வாய் அடங்கவில்லை. "நல்லாப் பாரு. கிழட்டுக் கண்ணு பூத்துப் போச்சா உனக்கு?"

செந்நாய் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடி பார்த்தது. நீலம் இல்லை; தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று தடுமாறியது. தாழ்ப்பாள் நகராமல் நின்றது. சந்துக்குள் அதன் மூச்சு புகையாக வந்தது. ஒரு பெயர் சொல்லியே ஆக வேண்டும். அதன் கண் துண்டு துண்டாக அலைந்து, கருகிய மஞ்சளில் போய் நின்றது.

"ரங்கி வீட்டுப் பிள்ளை" என்றது.

தாழ்ப்பாள் படாரென்று பழைய இடத்துக்கே திரும்பியது. வெளியே செந்நாய் வாயைத் திறந்தது. வார்த்தை வரவில்லை. மறுபடி திறந்தது. மெல்லிய காற்று மட்டும் சீழ்க்கையாக வெளிவந்து, பனிக்குள் தூரம் தூரமாகப் போனது.

நாகு கதவோடு சாய்ந்து அழுதாள். பிறகு ஊசியை எடுத்துக் கொடுத்து, "அப்படியே தைச்சிருங்க அண்ணி. சின்னி உள்பக்கமா இருக்கட்டும்" என்றாள்.

அன்று முதல்தான் செந்நாய் பேச்சிழந்து சீழ்க்கை அடித்துத் திரிகிறது. அன்று முதல்தான் அந்த மலையில் பிள்ளை பிறந்தால் ஊரெல்லாம் மிச்சத் துண்டு வாங்கிப் போர்வை தைக்கிறார்கள். அதில் சொந்த வீட்டுத் துண்டு மட்டும் நெஞ்சுக்கு நேரே புரட்டித் தைத்திருக்கும். பனிக்குள் சீழ்க்கை கேட்டால், பெற்றவளின் கை இன்றைக்கும் அந்தத் துண்டைத்தான் முதலில் போய் அழுத்திப் பிடிக்கிறது.