வட்டம் அடங்கும் தூரம்

முகில்தட்டி மலையில் பனி இறங்கினால், கையில் இருக்கும் சுக்குக் காபியைத் தேடிப் பிடித்துத்தான் குடிக்க வேண்டும். ஒருமுறை இரண்டு பேர் காபியை மாற்றிக் குடித்துவிட்டு, சர்க்கரை போதவில்லை என்று கடைக்காரரைத் திட்டினார்கள். அவர் பதில் சொன்னது அவர்கள் முதுகுப் பக்கத்திலிருந்து.

மலையடியில் ஒரு மடம். குரு செங்கமலத்தம்மாள். சீடர் திருமேனி, கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு வந்தவர். வயதில் குருவுக்கு மூத்தவர். மலையில் வழி தவறியவர்கள் போனில் ஒரு பொத்தானை அழுத்தினால், அவர்கள் நிற்கும் இடம் மடத்துக்கு வரைபடமாக வந்துவிடும். அந்தச் செயலியைச் செய்தவர் திருமேனிதான்.

ஒரு பனிக் காலையில் பேச்சிமுத்து என்கிற யாத்திரிகர் அதை அழுத்தினார். கால் பிசகிவிட்டது என்று ஒரு வரியும் அனுப்பினார். அதோடு அவர் போன் அணைந்துவிட்டது.

மடத்துத் திரையில் ஒரு பாறை. அதன் மேல் சிவப்புப் புள்ளி. நான்கு பேர் ஏறினார்கள். மத்தியானம் அந்த நால்வர் மட்டும் இறங்கி வந்தார்கள்.

"பாறை இருக்கு. ஆள் இல்ல."

பேச்சிமுத்துவின் மனைவி கோமு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "தாலி கட்டின நாள்ல இருந்து, சொன்ன இடத்துல நின்னதில்ல அந்த மனுஷன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

திருமேனி திரையைத் தூக்கிக்கொண்டு குருவிடம் ஓடினார்.

"அம்மா, போன் பொய் சொல்லிடுச்சு."

"அது என்ன சொல்லிச்சோ, அப்படியே சொல்லுங்க."

"இந்த இடம்னு சொல்லிச்சு. கூடவே, துல்லியம் அறுநூறு மீட்டர்னும் சொல்லிச்சு."

"அப்படின்னா?"

"புள்ளியைச் சுத்தி அறுநூறு மீட்டருக்குள்ள எங்கேயாவது இருக்கலாம்னு அர்த்தம்."

"அந்த அறுநூறை என்ன பண்ணினீங்க?"

"விட்டுட்டேன். யார் அழுத்தினாலும், படத்தை ஒரே அளவு கிட்டக் கொண்டுபோய்த்தான் காட்டுவேன். பார்க்கத் தெளிவா இருக்கும்."

"அதையும் வட்டமாப் போடுங்க."

திருமேனி திரையைத் தட்டினார். "போட்டாச்சு."

"காணோமே?"

"படத்துக்கு வெளியில இருக்கும்மா."

அம்மாள் இரண்டு விரல்களைத் திரையில் வைத்துச் சேர்த்தார். பாறை எலுமிச்சம்பழம் ஆனது. மறுபடி சேர்த்தார். மிளகு ஆனது. ஓர் ஓடை தெரிந்தது. இன்னொரு தடவை. ஓடைக்கு அப்பால் ஒரு பள்ளம் தெரிந்தது. வட்டம் முழுசாகத் திரைக்குள் வந்ததும் விரலை எடுத்தார்.

"எல்லாரையும் கூப்பிடுங்க. தட்டு, மணி, தொண்டை, எது இருக்கோ எடுத்துட்டு வரட்டும்."

மடமே மலையேறிப் பரவியது. அன்றைய சத்தத்துக்கு மலையிலிருந்த கரடிகள் பக்கத்து ஜில்லாவுக்குக் குடிபோய்விட்டன என்று சொல்வார்கள். பொழுது சாய்வதற்குள், ஓடைக்கு அப்பாலிருந்த பள்ளத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"விழுந்துட்டேன்னு கோமுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"

கோமு எல்லாருக்கும் முன்னால் நின்றிருந்தார்.

இறங்கும்போது திருமேனி கேட்டார். "அம்மா, படத்தை எவ்வளவு தூரம் பின்னால இழுக்கணும்னு எப்படிக் கணக்குப் போடுறது?"

"வட்டம் அடங்குற வரைக்கும். அதுக்கு மேல ஒரு படி வேண்டாம்."

"அஞ்சு மீட்டர்னு வந்தா?"

"கிட்டப் போய்க் காட்டுங்க."



"ஆனா, அவ்வளவு பெரிய வட்டத்தைக் காட்டினா, 'இவங்களுக்கே இடம் தெரியல'ன்னு ஜனங்க நினைப்பாங்களே?"

"தெரியலைன்னு நினைச்சா தேடுவாங்க. தெரியும்னு நினைச்சா, புள்ளியில போய்ப் பார்த்துட்டுத் திரும்பிடுவாங்க."