மடிப்புக் கலையாத மாரப்பன்

ஈரோட்டில் எல்லாம் மொத்த விலைக்குக் கிடைக்கும், புத்தியைத் தவிர. கிடைத்திருந்தால் என் துணிக்கடையில் நாலு மூட்டை இறக்கி, ஒன்றை எங்கள் தெருப் பையன்கள் நாச்சிமுத்து, குப்புராஜ், மாரப்பன் மூவருக்கும் இனாமாகவே கொடுத்திருப்பேன். நான் இனாம் கொடுக்கிற ஆளே இல்லை. தேவை அவ்வளவு.

மூவரும் ஸ்டைலிஸ்ட் ஆகப் போகிறார்களாம். யார் எதை உடுத்தினால் எடுப்பாக இருக்கும் என்று பார்த்துப் போட்டுவிடுகிற வேலை. கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கும் சுகந்தி மேடம் சொல்லியிருந்தார்: "சனிக்கிழமை பத்துப் படத்தோட ஒரு ஆல்பம் கொண்டாங்க. பிடிச்சிருந்தா மூணு பேருக்கும் வேலை. துணியைக் கடையில இரவல் வாங்கிக்குங்க."

உலகத்தில் வேறு கடையே இல்லாத மாதிரி என்னிடம் வந்தார்கள். அலமாரியிலிருந்து ஒரு சட்டையும் பேன்ட்டும் எடுத்து வீசினேன். "மடிப்புக் கலைஞ்சுது, தோலை உரிச்சிருவேன்!"

கோபத்தில் சொன்னது. அவர்கள் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார்கள்.

மாரப்பன்தான் மாடல். அட்டை, குண்டூசி, கவரோடு சட்டையை அவன் நெஞ்சில் வைத்துப் பிடித்துக்கொண்டு ஆலோசனை நடந்தது.

"கையை எங்கீங்ணா விடறது?" என்றான் குப்புராஜ்.

"சட்டையோட கை எங்க இருக்குது?" என்றான் நாச்சிமுத்து.

"பின்னாடி மடிச்சிருக்குதுங்."

"அப்ப இவன் கையையும் பின்னாடி மடிச்சுக் கட்டு. துணிக்குத் தகுந்த மாதிரி ஆளு இருக்கோணும்."

பேன்ட் நாலாக மடித்திருந்தது. மாரப்பனையும் நாலாக மடிக்கப் பார்த்தார்கள். மூன்றுக்கு மேல் வரவில்லை.

"எலும்பு தடுக்குதுங்ணா," என்றான் மாரப்பன், பணிவாக.

"இஸ்திரி போட்டா வருமோ?" என்றான் குப்புராஜ்.

ஆல்பத்தைப் பிரித்த மேடம் பதறிப்போனாராம். "இவரை யாருங்க கடத்துனது? எவ்வளவு பணம் கேக்கறாங்க?" விஷயம் புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "ஆளு சட்டைக்குள்ள இருக்கணும்யா! சாயங்காலத்துக்குள்ள வேற படம் எடுங்க. துணியையும் சேதமில்லாம ஒப்படைச்சாத்தான் வேலை. கடைக்காரர்கிட்ட நானே கேப்பேன்."

ஓடி வந்தார்கள். "பிரிச்சுப் போட்டுத் தொலைங்கடா!" என்று கத்தினேன். "ஆனா ஆறு மணிக்கு எடுத்த இடத்துல, எடுத்த மாதிரியே மடிச்சு வெச்சிருக்கோணும்!"

இந்தத் தடவை படம் பிரமாதமாக வந்தது. எனக்கே வயிற்றெரிச்சல்.

ஆறு மணிக்கு மேடத்தின் போன். "துணி வந்துருச்சுங்களா?"

அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். வந்திருந்தது. சட்டை, பேன்ட், இரண்டுக்குள்ளும் மாரப்பன். கை பின்னால், கால் மூன்றாக மடங்கி, கழுத்தில் அட்டை, காலரில் குண்டூசி.

"கழட்டுனா கசங்கிருமுங்," என்றான் நாச்சிமுத்து. "அதான் அப்படியே மடிச்சுட்டோம்."

பொய் சொல்ல மனம் வரவில்லை. "வந்துருச்சுங்க மேடம். குடுத்ததைவிட அதிகமாவே வந்திருக்கு."

"நல்லதுங்க. திங்கக்கிழமை மூணு பேரையும் வேலைக்கு வரச் சொல்லுங்க."

போனை வைப்பதற்குள் ஒரு வாடிக்கையாளர் அலமாரியை மேலும் கீழும் பார்த்து, சட்டையிலிருந்த விலைச் சீட்டைப் படித்தார். "எழுநூறா? ஆளோட சேர்த்துத்தானுங்களே?"

"ஆளு தனி!" என்று வாய் தன்னால் சொல்லிவிட்டது. முப்பது வருடப் பழக்கம்.

"அப்ப ஐநூறு போட்டுக்குங்க."

அட்டை நகராமல் அலமாரியிலிருந்து மாரப்பன் சொன்னான்: "குறைச்சுப்போடாதீங்ணா. என்னைய இன்னும் ஒருக்காகூடத் தொவைக்கலீங்."