சொம்புத் தண்ணீரில் கரைத்த சீரம்

குரு என்றால் தாடியும் மரத்தடியும் வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காது. இதில் வரும் குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் நஸீமா. ஈரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், முகத்துக்குப் போடும் சீரத்தை வீட்டிலேயே செய்யப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

மற்ற இடங்களில் முதல் பாடம், எதை எதைச் சேர்க்க வேண்டும் என்பது. நஸீமாவிடம் முதல் பாடம், எது எதோடு சேராது என்பது. அந்தப் பாடம் நடந்தபோது துளசிமணி கடைசி வரிசையில் உட்கார்ந்து பக்கத்துப் பெண்ணிடம் அவள் மகளின் காதுகுத்துக் கதை கேட்டுக்கொண்டிருந்தாள். சிஷ்யைகளிலேயே மூத்தவள் அவள்தான். குருவுக்கு அம்மா வயது. யார் அதட்ட முடியும்?

ஒரு நாள் காலையில் அவள் தனியாக மாடியேறி வந்தாள். கையில் ஒரு துணிப்பை.

"டீச்சர், எனக்கு ஒரு நாயம் சொல்லோணுமுங்க."

"உக்காருங்கக்கா. என்ன ஆச்சு?"

பையிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்து வைத்தாள். உள்ளே இருந்தது டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது.

"என்ற மருமவ கீர்த்தனாவுக்குப் பண்ணுனதுங்க. கொழந்த பொறந்ததுல இருந்து ரெண்டு கன்னத்துலயும் மங்கு. ஒரு விசேஷத்துக்குக்கூட வரமாட்டேங்கறா. பாவமா இருந்துச்சு, நானே சீரம் பண்ணித் தாரேன்னேன். பண்றப்ப பச்சத் தண்ணியாட்டம் இருக்குது. அப்பறம் பாத்தா இப்படிப் பழுப்பாப் போயிருது. ஒவ்வொருக்காவும் இதே கதைதானுங்க."

"தண்ணி எங்க எடுத்தீங்க?"

துளசிமணி பைக்குள் கைவிட்டு ஒரு செம்புச் சொம்பை வெளியே எடுத்தாள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது.

"ராத்திரி இதுல ஊத்தி வெச்சு காலைல எடுப்பேனுங்க. எங்கம்மா எனக்குக் குடுத்த சீரு. இதவிட சுத்தமான தண்ணி எங்க கெடைக்கும்?"

"பொடி?"

"வைட்டமின் சி பொடி, அவ போன்ல ஆர்டர் போட்டதுங்க. அதுதான் போலின்னு நான் சொன்னேன். இல்லீங்கத்தை, உங்க சொம்புதான் காரணம்னு அவ சொன்னா."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். அந்த வீட்டில் குடம் எதுவும் உடையவில்லை. ஆனாலும் பொடியில் ஆரம்பித்த பேச்சு போன பொங்கலுக்கு யார் யாருக்கு என்ன சேலை எடுத்தார்கள் என்பது வரை போனது. இரண்டு பக்கமும் கேட்டுக் காது புளித்த மகன், இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள்.

"நான் போறதா இல்லீங்க" என்றாள் துளசிமணி. "பொடிதான் போலின்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா, அவ தப்ப அவ ஒத்துக்குவா. அப்பறம் தனி வூடு எதுக்கு? பேரன் இல்லாத வூட்டுல நான் என்ன பண்ணுவேனுங்க டீச்சர்?"

நஸீமா எழுந்தாள். இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்தாள். ஒன்றில் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினாள். இன்னொன்றில், ராத்திரி சொம்பில் நின்று துளசிமணி ஒரு பாட்டிலில் கொண்டுவந்திருந்த தண்ணீர். துளசிமணியின் பையில் இருந்த, கீர்த்தனா வாங்கிய பொடியையே இரண்டிலும் ஒரே அளவு போட்டுக் கலக்கி, மூடி, ஜன்னலோரம் வைத்தாள்.

"சொம்பும் பொடியும் இங்கயே இருக்கட்டுங்கக்கா. வெள்ளிக்கிழமை வாங்க."

வெள்ளிக்கிழமை பேக்கரி திறப்பதற்கு முன்பே துளசிமணி வந்துவிட்டாள். நேராக ஜன்னலுக்குப் போனாள். ஒரு டம்ளர் தெளிவாக இருந்தது. சொம்புத் தண்ணீர் டம்ளர் மஞ்சளாகிப் பழுப்பேறிக்கொண்டிருந்தது.

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது.

"அப்ப அவ சொன்னதுதான் நெசமுங்களா? எங்கம்மா சொம்பு கெட்டதுங்களா?"

முந்தின இரவு சொம்பில் ஊற்றி வைத்த தண்ணீரை நஸீமா ஒரு டம்ளரில் சாய்த்து மடமடவென்று குடித்தாள்.

"தண்ணி நல்லா இருக்குதுங்கக்கா."

பிறகு ஒரு சிட்டிகை பொடியை நாக்கில் வைத்தாள். புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"பொடியும் நல்ல பொடிதானுங்க."

"அதெப்படிங்க? ரெண்டும் நல்லதுன்னா சீரம் எப்படிக் கெட்டுச்சு?"

"ராத்திரி பூரா நின்னா, செம்பு துளித்துளியா தண்ணில எறங்குமுங்க. குடிக்கற நமக்கு அது தெரியாது. இந்தப் பொடிக்குத் தெரியும். அதுக்குச் செம்பு ஆகாது."

"அப்ப தப்பு செம்பு மேலதான்?"

"இல்லீங்க."

"தாங்கிக்க முடியாத பொடி மேலயா?"

"இல்லீங்கக்கா."

"பின்ன யாரு மேலதானுங்க?"

நஸீமா மேசையில் கிடந்த கண்ணாடிக் கலக்குக்குச்சியை எடுத்துத் துளசிமணியின் கையில் கொடுத்தாள்.

துளசிமணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழே பேக்கரியில் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது.

"நான் ஆசையாத்தானுங்க கலந்தேன்" என்றாள் கடைசியில்.

"தெரியுமுங்கக்கா."

நஸீமா புதிதாகக் கொஞ்சம் சீரம் கரைத்து, அடர்நிற பாட்டிலில் ஊற்றி மூடிக் கொடுத்தாள்.

"மொதல்ல கையில தடவிப் பாக்கச் சொல்லுங்க. ஒண்ணும் பண்ணலைன்னா முகத்துக்குப் போடட்டும். ஃப்ரிட்ஜ்ல வெக்கோணும்."

"எந்த ஃப்ரிட்ஜ்லீங்க?"

"அவங்க ஃப்ரிட்ஜ்லதானுங்க."

துளசிமணி பாட்டிலைப் பைக்குள் வைத்தாள். சொம்பைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டி, முந்தானையால் துடைத்தாள். படி வரைக்கும் போனவள் நின்றாள்.

"புது வூட்டுக்கு நெற சொம்பு கொண்டு போறது மொறைங்க. ஞாயித்துக்கிழமை இதுலயே கொண்டு போலாமுங்களா டீச்சர்?"

"தாராளமாக் கொண்டு போங்கக்கா. ராத்திரி மட்டும் அங்க தங்கிராதீங்க. காலைல புதுத் தண்ணி ஊத்திட்டு மறுபடியும் போங்க."