செண்பகவல்லியின் தலையாட்டி பொம்மை

தரமணி அலுவலகத்தில் செண்பகவல்லியிடம் பேச ஆளில்லை. ஒப்பந்தத்தில் வந்தவள் என்று யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை. எழுதும் கம்ப்யூட்டர் புரோகிராமில் சிக்கல் வந்தால், மேசைமேல் இருக்கும் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்கு ஒவ்வொரு வரியாகச் சொல்வாள். சொல்லச் சொல்லத் தப்பு தானாகத் தெரிந்துவிடும்.

மேனேஜர் ரகோத்தமனுக்கு அது பிடிக்கவில்லை. "இது ஆபீஸா, கொலுவா?" என்று பொம்மையைப் பிடுங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். அன்றைக்கென்று பார்த்து பஸ் டிக்கெட் புரோகிராம் ஒரே சீட்டை இரண்டு பேருக்குக் கொடுத்தது.

"ஒரு மணி நேரத்துல சரிபண்ணு. இல்லன்னா நாளைக்கு வராதே" என்றார்.

"அப்ப நீங்க கொஞ்சம் உக்காருங்க சார். நான் சொல்றதைக் கேட்டாப் போதும்."

உட்கார்ந்தார். ஒன்றும் புரியாமல் வரிக்கு வரி தலையாட்டினார்.

"இங்க சீட் காலியான்னு பாக்குறோம், அப்புறம் பதியுறோம்" என்றவள் நிறுத்தினாள். "நடுவுல இன்னொருத்தர் பூந்துடுறாங்க சார்."

பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டாள்.

"நான் கூட உக்காந்து முடிச்சுக் குடுத்தேன்" என்று டைரக்டரிடம் பெருமையடித்தார் ரகோத்தமன்.

"சார் என்னம்மா செஞ்சாரு?" என்று டைரக்டர் அவளைக் கேட்டார்.

"அவர் அலமாரியில பூட்டி வெச்சிருக்க தலையாட்டி பொம்மை செய்யுற வேலையத்தான் சார்."

பொம்மை அன்றே மேசைக்குத் திரும்பியது. ஆபீஸில் எல்லோரும் அவள் பதிலைச் சொல்லிச் சிரித்தபடி டீ குடிக்கப் போனார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை. பொம்மையின் தலையை லேசாகத் தட்டிவிட்டு, நடந்ததை முதலிலிருந்து அதற்குச் சொல்ல ஆரம்பித்தாள்.