கதவு எண் 14/2

நெட்டிலிங்கபுரம் பேரூராட்சி ஆபீசில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். செயல் அலுவலர் ஏகாம்பரம், ஓவர்சியர் தவசிமுத்து, பொக்லைன் ஓட்டும் சூசை. மூவரும் தங்கமானவர்கள். கையூட்டு வாங்க மாட்டார்கள், லீவு போட மாட்டார்கள். அறிவைச் செலவழிப்பதில் மட்டும் கொஞ்சம் சிக்கனம்.

சூசைக்குத் தொழில் சுத்தம். எந்தச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதோ அந்தக் கட்டடத்தை இடிப்பார். மற்றபடி வாயே திறக்க மாட்டார்.

ஞானசௌந்தரியின் இட்லிக்கடை சாக்கடைமேல் ஓரடி நீட்டியிருக்கிறது என்று ஒருநாள் நோட்டீஸ் ஒட்டினார்கள். அவளுக்குப் பிழைப்பே அந்தக் கடைதான். அலறியடித்துக் கோர்ட்டுக்கு ஓடித் தடையுத்தரவு வாங்கி வந்தாள். ஏகாம்பரத்தின் கையிலேயே கொடுத்துவிட்டு, நிம்மதியாக உளுந்து வாங்கச் சந்தைக்குப் போனாள். பாவம், அவள் அந்த ஊருக்குப் புதுசு.

ஏகாம்பரம் உத்தரவை எழுந்து நின்று படித்தார். "கதவு எண் 14/2 கொண்ட கட்டடத்தை இடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. அந்த நம்பர் எங்கே இருக்கு, தவசி?"

"கதவுலதான் சார் தகரத்துல அடிச்சிருக்கு."

"சுவத்துல?"

"இல்லை சார்."

"கூரையில?"

தவசிமுத்து கடைக்குப் போய் ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். "அங்கேயும் இல்லை சார்."

"அப்ப கதவுமேல ஒரு கீறல் விழக் கூடாது. கோர்ட் விஷயம், ஜாக்கிரதை."

இரண்டு பேரும் கதவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். சூசை மிச்சத்தை இடித்தார்.

உளுந்தோடு வந்த ஞானசௌந்தரி, வெட்டவெளியில் நிற்கிற கதவைப் பார்த்தாள். "பத்திரமா இருக்கும்மா, துடைச்சுகூட வச்சிருக்கோம்" என்றார் ஏகாம்பரம். அவள் ஆட்டுக்கல்மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நன்றியில் அழுகிறாள் என்று மூவரும் நினைத்தார்கள்.

அவமதிப்பு வழக்கில் நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "கோர்ட் உத்தரவு உங்களுக்கு விளையாட்டா? முப்பது நாளில் அந்தம்மா கடையை இருந்தது இருந்தபடி கட்டிக் கொடுக்கணும். இல்லைன்னா மூணு பேரும் ஜெயிலுக்குப் போகணும்."

இருந்தது இருந்தபடி என்றால் எப்படி இருந்தது? தவசிமுத்து நோட்டோடு ஞானசௌந்தரியிடமே போனார். ஏகாம்பரமும் கூடப் போனார். அதற்குள் அவளுக்கு ஊர் புரிந்துவிட்டது.

"மேலே ஒரு மாடி இருந்துச்சு சார்."

"மாடியா? இடிக்கும்போது எங்க கண்ணுல படலையே?"

"நீங்கதான் கதவையே பார்த்துக்கிட்டு இருந்தீங்களே."

அது உண்மைதான். சூசையைக் கேட்டார்கள். "இருந்திருக்கும் சார். ஒரே தூசி, எனக்கு ஒண்ணும் தெரியலை" என்றார்.

முப்பதாம் நாள் மாடியும் படிக்கட்டுமாகக் கடை எழுந்தது. நீதிபதிக்குத் திருப்தி. ஞானசௌந்தரி கீழே இட்லி அவித்தாள், மேலே குடியேறினாள்.

மறுவாரம் தவசிமுத்து முகம் வெளுத்து வந்தார். "சார், அந்த மாடிக்கு அனுமதியே வாங்கலை."

"அக்கிரமமா இருக்கே. கட்டினது யாரு?"

"நாமதான் சார்."

ஏகாம்பரம் வெகுநேரம் யோசித்தார். "கட்டினவன் பேருக்குத்தான் நோட்டீஸ் போகணும். நம்ம ஆளுன்னு பார்க்க முடியாது, தவசி."

தன் பேருக்குத் தானே கையெழுத்துப் போட்டு, தானே வாங்கிக்கொண்டு, ஆபீஸ் சுவரில் ஒட்டச் சொன்னார். திங்கட்கிழமை வேலைக்கு வந்த சூசை நோட்டீஸைப் பார்த்தார், பொக்லைனைத் திருப்பினார். கடமையைச் செய்பவரைத் தடுப்பது குற்றமாயிற்றே என்று மற்ற இருவரும் மேசை நாற்காலியை வெளியே எடுத்து உதவினார்கள். கடைசியில் சூசை வண்டியை நிறுத்திவிட்டார்.

"கதவை மட்டும் நான் தொட மாட்டேன் சார். எனக்கு எதுக்குக் கோர்ட் வம்பு?"

மாடிக்கு முறைப்படி அனுமதி கேட்டு ஞானசௌந்தரி மனுவோடு வந்தபோது, ஏகாம்பரம் கற்குவியலுக்கு நடுவே மேசை போட்டு, தலையில் துண்டோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார். அவள் நேரே மேசைக்குப் போனாள்.

"ஏம்மா, கதவைத் தட்டாம உள்ளே வரலாமா?"

அவள் திரும்பிப் போய், தனியே நின்ற கதவுக்கு அந்தப் பக்கம் நின்று தட்டினாள். தவசிமுத்து கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்தார்.

"சார், இட்லிக்கடை அம்மா. மனு கொண்டு வந்திருக்காங்க."

ஏகாம்பரம் குரலைத் தாழ்த்தினார். "நான் வெளியே போயிருக்கேன்னு சொல்லிடு."